மூன்றாவது பச்சை

சீனக்குடாவில் இறங்க எட்டு நிமிடம்.
நெம்புகோலைக் கீழே தள்ளினேன்.
மூக்குச் சில்லு பச்சை.
இடது பச்சை.
வலது
இருட்டு.

"பல்பாயிருக்கும்" என்றார் கப்டன் தெவரப்பெரும.
கழற்றி மாற்றிப் பார்த்தோம்.
பல்பில்லை.

கோபுரத்தை ஒட்டித் தாழப் பறந்தோம்.
தூரக்கண்ணாடியோடு வெளியே வந்த புவிராஜா
"பாதியில தொங்குது மச்சான்" என்றான்,
பிறகு ரேடியோ என்பது ஞாபகம் வந்து
"சேர்" என்றான்.

கொட்டியாரக் குடாவின் மேல் வட்டமடித்தோம், எரிபொருள் கரைய.
மாவு ஆலை நாலு தரம் வந்து போனது.
கிண்ணியாப் பாலத்தில் ஒரு நீல பஸ் நின்றபடியே நின்றது.
அதற்கும் சில்லுதான் போல.

தலையை முழங்காலில் வைக்கச் சொன்னேன்.
ஒன்பது பேரில் ஒருவர், நஸ்லியா,
"அப்ப இந்தக் கேக்க எங்க வைக்கிற?" என்றார்.
என்னிடம் பதிலில்லை.

இருக்கைக்கு அடியில் கைப்பம்பு.
ஐம்பது தடவை என்கிறது கையேடு.
நாற்பதில் தோள் எரிந்தது.
ஐம்பதில் ஒன்றுமில்லை.
அடுத்த பக்கத்தில் வயிற்றால் இறங்குவது எப்படியென்று இருக்கிறது;
நான் திருப்பவில்லை.
அறுபத்து மூன்றில்
காலடியில் எங்கோ
மீன்கடை ஷட்டர் விழுந்த சத்தம்.

பச்சை மட்டும் வரவில்லை.

"சத்தம் கேட்டதுதானே?" என்றார்.
"கேட்டது."
"சரி."

இடச்சில்லை முதலில் தொட்டார்.
வலச் சிறகை
வேகம் தீரும்வரை தூக்கியே வைத்திருந்தார்,
தூங்கும் பிள்ளையைக் கிடத்துகிறவர் மாதிரி.
பிறகு விட்டார்.
நின்றது.

எஞ்சின் அடங்கி, கதவு திறந்து,
கேக் பெட்டியோடு நஸ்லியா படியிறங்கும்போது
எரிந்தது
அந்த மூதேவி.