ஐந்து கிலோமீட்டர் கூடுதல்

விடியப்புறம் மூன்று பதினேழு.
ஹாலிஃபாக்ஸுக்குத் தெற்கே, ஹெரிங் கோவில்,
ஜன்னல் வைக்க மறந்த கட்டடம்.
வெளியே யாருக்கோ வந்த விருந்து போல
பனி கொட்டிக்கொண்டிருந்தது.

கயிறு அறுந்தால் சத்தம் கேட்கும்.
இது அறுந்தபோது
திரையில் ஒரு பச்சைக் கோடு
பேசாமல் படுத்துக்கொண்டது.

ஒளித்துளிகளை உள்ளே அனுப்பினேன்:
போ, இடறும் இடத்திலிருந்து திரும்பி வா.
ஒரு துளியை நம்ப முடியாது,
இரைச்சலில் எதையாவது உளறும்.
லட்சம் துளிகளைக் கூட்டிச் சராசரி எடுத்தால்
கொஞ்சம் கொஞ்சமாக
உண்மை பல்லைக் காட்டும்.
ஆயிரத்து இருநூற்றுப் பதினான்காம் கிலோமீட்டர்.
அங்கே கடலடி மண்
சரிந்து இறங்கியிருக்கிறது,
யாரையும் கேட்காமல்.

கார்ன்வால் கரையிலிருந்து பென்ரோஸ் அழைத்தார்,
இன்னொரு கேபிளைச் சுற்றிக்கொண்டு.
பதினொரு வருடப் பழக்கம்.
முகம் தெரியாது,
தேநீரை உறிஞ்சும் சத்தம் தெரியும்.
அவர் பக்கத்திலிருந்து
மூவாயிரத்து முந்நூற்றுத் தொண்ணூற்றொன்று.
கூட்டிப் பார்த்தோம்.
ஏட்டில் இருப்பதைவிடப் பதினொரு கிலோமீட்டர் அதிகம்.

உன் கணக்குப் பிழை என்றார்.
உங்கள் கணக்குத்தான் என்றேன்.
மேற்கில் நானும் கிழக்கில் அவரும்
நடுவில் இல்லாத பதினொரு கிலோமீட்டருக்காக
பங்காளிகள்போல் வரப்புச் சண்டை போட்டோம்.
பிறகு பழைய கோப்பைப் புரட்டியவர்
நெடுநேரம் உறிஞ்சாமல் இருந்தார்.
முன்பு இரண்டு தடவை தைத்திருக்கிறார்கள்.
தைத்தவர்கள்
தழும்பை எழுதி வைக்கவில்லை.

கப்பல் போய்ச் சேர இரண்டு நாள்.
அதற்குள் பத்தாயிரம் வோல்ட்டை அணைத்து,
பூமிக்கு இறக்கி,
பூட்டி,
சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன்.
விதி அப்படி. குளிக்கும்போதும் கழற்றக் கூடாது என்பது
விதியில் இல்லை, நானாகச் சேர்த்தது.
இதென்ன அம்மா, தாலியா என்றாள் மிதுரா,
தோசைக்குச் சீஸ் துருவிக்கொண்டே.
இல்லை பிள்ளை,
லொரெட்டா கோமோ என்றேன்.

லொரெட்டா, கப்பலில் இழை ஒட்டுபவள்.
அலை தூக்கிப் போடும் அறையில்
மயிரிழையையும் தடித்ததாக்கும் கண்ணாடியை
மூச்சை அடக்கி நுனியோடு நுனி வைப்பாள்.
அவள் கை தொடும் செம்பில்
மின்சாரம் ஏறாமல் இருக்க
என் நெஞ்சுக்குழியில்
ஒரு சாவி உரசிக்கொண்டிருந்தது.

இரண்டரை கிலோமீட்டர் ஆழம்.
ஆழத்தில் கிடப்பதை
அப்படியே தூக்க முடியாது,
இழுத்துக் கட்டிய வீணைத் தந்தி அது.
அறுந்ததைச் சேர்க்க
முதலில் இன்னும் கொஞ்சம் அறுக்க வேண்டும்.
கொக்கி போட்டு அறுத்து,
ஒரு முனையைத் தூக்கி மிதவையில் கட்டி,
மறுமுனையைத் தேடிப் போய்,
இரண்டையும் மேல்தளத்துக்குக் கொண்டுவந்தபின்தான்
தெரியும், எட்டவில்லை என்று.
எட்டாத இடத்தில்
கூடுதல் கேபிளை வைத்துத்தான் தைக்க முடியும்.
தைத்ததைக் கீழே விடும்போது
அது பக்கவாட்டில் ஒரு வளைவாக
மண்ணில் சாய்ந்து படுத்துக்கொள்ளும்.

நான்காம் நாள் இரவு
செயற்கைக்கோள் தொலைபேசியில் லொரெட்டா சொன்னது
இரண்டே சொல்: கையைக் கழுவிவிட்டேன்.
கழுத்திலிருந்து கழற்றி
பூட்டில் திருகும்போது
சாவி வெதுவெதுப்பாக இருந்தது.

பச்சைக் கோடு எழுந்து உட்கார்ந்தது.
வங்கிகள், வழக்குகள், பூனைப் படங்கள்,
யாரோ யாரிடமோ கேட்ட மன்னிப்பு
எல்லாம் என் காலடி வழியாக
என்னைக் கேட்காமல் போகத் தொடங்கின.

பென்ரோஸ் அளந்து பார்த்தார்.
நீ ஐந்து கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டாய் என்றார்.
ஒளிக்கு அது இருபத்தைந்து மைக்ரோ வினாடி,
கடலில் கரைத்த பெருங்காயம்.
ஆனாலும் அடுத்த வாக்கியம் வர
அவர் கொஞ்சம் தாமதித்ததுபோல் இருந்தது.
வரும் மாதம் ஓய்வு பெறுகிறேன் என்றார்.

ஏட்டைத் திறந்தேன்.
தேதி, ஆழம், ஒட்டியவள் பெயர்,
கூடுதல்: ஐந்து.
எண்ணில் ஒரு முறை, எழுத்தில் ஒரு முறை.
பிறகு வெளியே வந்து
காரைத் தேடினேன்.
பனிக்குள் எது என் கார் என்று
அன்றைக்கு
எதை அனுப்பிக் கண்டுபிடிப்பது?