ஈறு கெட்ட பெயர்

பாலக்கோடு கூரியர் ஆபீசில்
கையெழுத்துப் போட்டு வாங்கினேன்.
தெர்மாகோல் உருண்டைகளுக்கு நடுவில்
முனை மழுங்கிய ஒரு நீலப் பெட்டி,
மைக்கின் கழுத்தில் மாட்ட.
மூன்று பக்கம் ஆங்கிலம்,
ஒரு பக்கம் நமக்கு:
தாரா.

போன வாரம் வரை தாரகை.
ரோட்டர்டாமில் ஒரு நிதி நிறுவனம் எங்களை வாங்கியதை
எங்கள் சேனலில் நாங்கள் சொல்லவில்லை.
மாரண்டஹள்ளி பேக்கரியில் டீக்கு நிற்கையில்
போட்டிச் சேனலின் கீழ்வரியில் ஓடிற்று,
தங்கத்துக்கும் பெட்ரோலுக்கும் இடையில்.

கையை வெட்டிவிட்டு
ஒரு காலை ஒட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.
எந்த நாட்டுக்காரன் வாயிலும் நுழையுமாம்.
சென்னையிலிருந்து பிரசன்னா ஜூமில் விளக்கினான்.
முப்பத்தெட்டு மாவட்டமும்
மியூட்டில் கேட்டுக்கொண்டிருந்தோம்.

வளர்மதி, காரிமங்கலத்தில்
ஒன்பதாம் வகுப்புக்கு இலக்கணம் எடுப்பவள்,
பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
'தாராத' என்பதில் கடைசி எழுத்து போனால் 'தாரா'.
ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம்.
பின்னால் ஒரு பெயர் வரணும்.
என்ன பெயர், என்றேன்.
முதலாளி, என்றாள்.
சிரிக்கவில்லை. கேஸ் புக் பண்ணணும், என்று
பெட்டியை ஃபிரிட்ஜ் மேல் வைத்தாள்.

செய்திக்கு இருநூற்றைம்பது.
பதினொரு மாதம்.
பஞ்சப்பள்ளியில் யானை இறங்கிய இரவு,
தொப்பூர் கணவாயில்
பிரேக் கருகிய நாற்றம் அடங்குமுன் போய் நின்ற
ஏழு விபத்து,
ஒரு அமைச்சர், ஒரு ஆழ்துளைக் கிணறு,
எல்லாம் சேர்த்து.
முந்தைய நிர்வாகத்தின் பாக்கிகள்
எங்களைச் சேரா,
என்று வந்தது முதல் மெயில்.

இரண்டாவது:
பழைய லோகோவை ஏழு நாளில்
சொந்தச் செலவில் திருப்பி அனுப்பவும்.
தவறினால் ஆயிரத்து நூற்று எண்பது ரூபாய்
தங்களுக்கு வர வேண்டிய தொகையில் கழிக்கப்படும்.

மூன்று தரம் படித்தேன்.
தங்களுக்கு.
வர வேண்டிய.
தொகை.
ஜெராக்ஸ் கடைக்குப் போய்
இரண்டு பிரதி எடுத்தேன், ஒன்றுக்கு லேமினேஷன்.
கழிப்பதற்காவது ஒரு தொகை இருக்கிறதென்று
அவர்கள் எழுதிக் கொடுத்த ஒரே காகிதம்.
சிவப்புப் பெட்டியை அனுப்பவில்லை.
மறியலில் முனை உடைந்தது அது. இருக்கட்டும்.

தக்காளி கிலோ மூன்று ரூபாய்.
கிரேடு கிரேடாக ரோட்டோரம் கவிழ்த்துக்கொண்டிருந்தார்
முனிரத்தினம்.
'தாரகை வந்துட்டான்யா' என்று குரல் கேட்டது.
பன்னிரண்டு வருடமாக இந்த மார்க்கெட்டில்
எனக்கு அதுதான் பெயர்.
மாதேஷ் என்று கேட்டால் வழி சொல்லமாட்டார்கள்.

நீலத்தைப் பார்த்து நிமிர்ந்தார்.
இது எந்த டிவி?
அதேதாங்க. வித்துட்டாங்க.
யாருக்கு?
வெளிநாட்டுக்கு.
எவ்வளவுக்குப் போச்சு?
தெரியாதுங்க, வெளியே சொல்லலை.

காலையில் ஐந்து மணிக்கு
தன் விலையை மார்க்கெட் முழுக்கக் கத்திக் கேட்டவர்
கையிலிருந்த கிரேடைக் கீழே வைத்தார்.
மாட்டுத் தரகு மாதிரி
துண்டுக்குள்ள விரல் புடிச்சுப் பேசுனாங்களா?
உன்னையும் சேத்தா?

லைவ் போகிறது, என்றான் காதுக்குள் பிரசன்னா.
மூன்று நிமிடம் தருகிறேன் என்றவன்
நாற்பது விநாடியில் முடிக்கச் சொன்னான்.
முனிரத்தினத்திடம் மைக்கை நீட்டினேன்,
அவர் விலையைச் சொன்னார், உரத்தின் விலையைச் சொன்னார்,
வண்டி வாடகைக்கு வருமுன்
நேரம் தீர்ந்துவிட்டது.

பாலக்கோட்டிலிருந்து, தாரகைக்காக,
என்று நாக்கு பழக்கத்தில் போய்விட்டது.

தாரா, என்றான் காதுக்குள்.
தாரா, தாரா.

காத்திருந்தேன்.
பின்னால் பெயர் எதுவும் வரவில்லை.