கேமரா ஒன்பது

குதைபியாவில், மூன்றாம் மாடியில்,
ஏசி ஒழுகும் வாளிக்குப் பக்கத்தில்,
குக்கர் மூடிமேல் லேப்டாப்பைச் சாய்த்துவைத்தான் லிகோரி.
"பழைய உளவாளிப் படம், அசைய விடாது" என்றவன்
பத்து நிமிடத்தில் குறட்டை.

கருப்பு வெள்ளை எனக்குப் புதிதில்லை.
ஆறு வருடமாக ராத்திரி ஏழு முதல் காலை ஏழு வரை
சீஃபில் ஒரு கட்டடத்தின் கார் நிறுத்தத்தைப்
பதினாறு கட்டங்களில் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.
விளக்கணைந்தால் அங்கேயும் நிறம் கிடையாது.

அதனால் முதலில் சிரிப்புதான் வந்தது.
தொப்பிக்காரனைத் தொடர்கிறவன்
விளக்கை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு
நிழலை முன்னால் அனுப்புகிறான்,
வருகிறேன் என்று தந்தி கொடுப்பதுபோல.
தெருவெல்லாம் ஈரம்.
ஒரு சொட்டு மழை காட்டவில்லை.
யார் கழுவிவிட்டது?

தொப்பிக்காரனிடம் மூன்று பாஸ்போர்ட்,
ஒரே முகம், மூன்று பெயர்.
என்னுடைய ஒன்று
மேனேஜரின் இரும்புப் பெட்டிக்குள்
யாராகவும் இல்லாமல் படுத்திருக்கிறது.

பேச்சு பாதி புரியவில்லை.
புரியாத பாதியில் அந்தப் பெண்
சிகரெட்டைப் பற்றவைத்துப்
புகைக்குப் பின்னால் போய்விடுகிறாள்.
நல்லவளா என்று லிகோரியை உலுக்கினேன்.
"பொறுல, கடைசில தெரியும்."

அப்புறம்தான் ஹோட்டல் கிளார்க் வந்தான்.
வழுக்கை, நைந்த கோட்டு,
சாவிகளுக்கு முன்னால் உட்கார்ந்தே இருக்கிற ஆள்.
போனை எடுத்தான்.
"மேலேதான் இருக்கிறார்."
அவ்வளவுதான், வைத்துவிட்டான்.
ஓர் உறை வந்தது. எண்ணிப் பார்க்கவில்லை.

படத்தை நிறுத்தினேன்.

கேமரா ஒன்பது: இரண்டாம் அடித்தளம், படிக்கட்டுக்குக் கீழே.
அட்டைப்பெட்டியை விரித்து
ஒரு மணி நேரம் தூங்குவான் மொக்லேஸ், கிளீனர்.
தூங்குமுன் செருப்பை ஜோடி சேர்த்துச்
சுவரோரம் வைப்பான், பள்ளிவாசலில் வைப்பதுபோல.
சூப்பர்வைசர் கேட்டார்.
நான் நேரத்தையும் சேர்த்தே சொன்னேன்:
மூன்று பத்து.
அவனுக்கு டாக்காவுக்கு டிக்கெட்.
எனக்கு ஒரு வெள்ளிக்கிழமை லீவு.

அந்த வெள்ளிக்கிழமைதான் இது.

மறுபடி ஓடவிட்டேன்.
தொப்பிக்காரன் படிகளில் விழுந்தான்,
தொப்பி அவனுக்கு முன்னால் இறங்கிப் போனது.
அந்தப் பெண் ரயிலேறினாள், யாருக்கும் கையசைக்காமல்.
கிளார்க்கை யாரும் சுடவில்லை.
அவன் மறுபடி படத்தில் வரவேயில்லை.

வாளி நிரம்பித் தரையில் வழியும் சத்தத்தில்
லிகோரி எழுந்தான்.
"காட்டிக்கொடுத்தது யாரு, அந்தப் பொம்பளதான?"

ஆமாம் என்றேன்.