‘மறந்துவிட்டேன்’ என்றொரு பொத்தான்

கரடிப்போக்குச் சந்தியில் டயர் கடைக்கு மேல்மாடி.
கீழே காற்றடிக்கும் யந்திரம் உறுமினால்
என் மேசைத் தேநீரில் வட்டம் விழும்.

சுகிர்தமலர் அக்கா விசுவமடுவிலிருந்து பஸ்ஸில் வந்திருக்கிறா.
மடியில் கணினிப் பெட்டி. திரையில்லை, விசைப்பலகையில்லை.
கண்டக்டர் இரண்டு சீற்றுக்குக் காசு எடுத்தானாம்.

சரிதான். உள்ளே நானூற்றுப் பதினொரு பெண்கள்.
அவவிடம் அழுதவர்கள், அழாமல் சொன்னவர்கள்,
பாதியில் எழுந்து போனவர்கள்.
போன வருசம் நான் செய்து கொடுத்த மென்பொருள்:
பெயர், திகதி, சொன்னது.
யார் திறந்தாலும் திறக்கும்.

“போன கிழமை ஒராள் வந்தவர்.
பிரதி ஒண்டு கேட்டவர். சிரிச்சுக்கொண்டுதான்.”
அதற்குமேல் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

வேலை பெரிதில்லை.
கருவிப்பட்டையில் சின்னச் சாவியொன்று இருக்கும்,
இழுத்துப் படிவத்தில் விட வேண்டியதுதான்.
வடிவமைக்கும்போது எனக்குத் தெரியும்;
ஓடும்போது எவர் கண்ணிலும் படாது.
சாவியின் நீளம்: இருநூற்று ஐம்பத்தாறு.
அடுத்த கட்டத்தில், உப்பு.

“கொஞ்சம் உப்பும் போடவேணும் அக்கா.”
“ஏன், கறிக்கோ?”
ஒரே சொல்லை இரண்டு பேர் வைத்தாலும்
ஒன்றென்று வெளியே தெரியக்கூடாது, அதற்கு.
“ஆனையிறவில அள்ளினவைக்கே
இப்பிடியொரு பாவனை இருக்கெண்டு தெரியாது,” என்றா.

முதல் வரிசையை ஓட்டினேன்.
விசாலினி, வட்டுவாகல் என்றிருந்த இடத்தில்
கோழி கிளறிய மண்போல எழுத்துகள்.
கண்ணாடியைக் கழற்றித் திரைக்குக் கிட்ட வந்து பார்த்தா.
“ஒருத்தியையும் மட்டுக்கட்டேலாது. நல்லது.”

பிறகு, கீழ் மூலையில், நான் பெருமையோடு வைத்திருந்த
‘மறந்துவிட்டேன்’.

“இதை அமத்தினால்?”
“எனக்குத் தகவல் வரும். என்னட்டை இன்னொரு சாவி இருக்கும்.”

கீழே யாரோ நட்டுக் கழற்றும் சத்தம்.

“உங்களிட்டயும் ஆக்கள் சிரிச்சுக்கொண்டு வருவினம், தம்பி.”

நீங்கள் மறந்தால் அவ்வளவும் போய்விடும், என்றேன்.
நானூற்றுப் பதினொன்றும். கடவுள் வந்தாலும் திறக்கேலாது.

“மறக்கிறதெண்டால்,” என்று தொடங்கி
பெட்டியின் தூசியை முந்தானையால் துடைத்தா.
“எடுத்துவிடுங்கோ.”

எடுத்துவிட்டேன்.

இரவு, அக்கா போனபின், மூலநிரலைத் திறக்கிறேன்.
பொத்தானில்லை.
அதை அழுத்தினால் என்ன செய்வதென்ற ஒன்பது வரிகள்
யாரும் கூப்பிடாமல்
அங்கேயே கிடக்கின்றன.