முதலில் எது

அந்தச் சத்தம் எனக்குப் பழக்கம்.
பாயான் லெப்பாஸில் ஒன்பது வருஷம்
இரவு ஷிப்டில் அதைக் கேட்டுத்தான் சம்பளம் வாங்கினேன்.
கண்ணை மட்டும் வெளியே விட்ட வெள்ளை உடுப்பில்
நானும் ரொஸ்னாவும் எதிரெதிரே.
மிஷின் பச்சை காட்டிய பிறகும்
சூப்பர்வைசர் எங்கள் கண்ணைப் பார்ப்பார்.
டக். டக். கொஞ்சம் பொறுத்து இன்னொரு டக்.
அப்படிப் பேசுகிற டிஸ்க் சிவப்புக் கூடைக்குப் போகும்.
போட்ட பிறகு அதை நினைத்ததே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி
சாப்பாட்டு மேசையில், ரசக் கிண்ணத்துக்குப் பக்கத்தில்,
டக். டக்.

சட்டென்று திருப்பிப் பார்த்தேன்.
எங்கள் வரிசையில் செய்ததென்றால்
திட்டுவதற்காவது ஓர் ஆள் கிடைக்குமே.
ஸ்டிக்கரில் தாய்லாந்து என்றிருந்தது.
எங்கள் வரிசையைப் பெயர்த்துக்கொண்டு போனதும் அங்கேதான்.

பிடுங்கிச் சொருகினேன். மூன்று முறை.
ஊருக்கெல்லாம் கூடாது என்று சொல்லுகிறவள்.
ஃப்ரீசரில் வைத்துப் பார் என்று தம்பி மெசேஜ் போட்டான்.
கெம்போங் மீன் பொட்டலத்தை நகர்த்தி
இடம்கூடப் பண்ணிவிட்டேன்.
பிறகு வெட்கமாகிக் கதவைச் சாத்தினேன்.

கொம்தார், மூன்றாம் மாடி, மின்படி ஓடவில்லை.
பூன் கியாட் அதை வாங்கி
டுரியான் பொறுக்குகிறவன் மாதிரி
காதோரம் வைத்து ஒரு நொடி யோசித்தான்.
எத்தனை தடவை போட்டீர்கள், மலாயில் கேட்டான்.
ஒன்று என்றேன்.
அவன் ஒன்றும் சொல்லவில்லை.
மூன்று என்றேன்.

தலை இன்னும் முழுதாகச் சாகவில்லை, அக்கா.
அந்த அக்கா மட்டும் தமிழில் வந்தது.
கொஞ்சம் கொஞ்சமாகப் படித்து வேறு டிஸ்க்கில் இறக்கலாம்.
எந்த நிமிஷம் நிற்கும் என்று எனக்குத் தெரியாது.
ஆயிரத்து இருநூறு வெள்ளி,
ஒன்றும் வராவிட்டால் முன்னூறு.
எது முதலில் வேண்டும்?

இந்தக் கேள்விக்கு நான் தயாராக வரவில்லை.

கல்யாணப் படங்கள் ஆல்பத்தில் இருக்கின்றன,
தவநேசனும் இருக்கிறார்,
பட்டர்வொர்த்தில், வேறொரு வீட்டில், சுகமாக.
மகளின் பள்ளிக்கூட நாட்டியத்தை
அழிந்ததே நல்லது என்பாள் அவளே.
வரிக் கணக்கு. அதைத்தான் சொல்லியிருக்க வேண்டும்.
வாய் வேறொன்றைச் சொன்னது:
நியூ ஃபோல்டர் மூன்று.

அதில் என்ன என்று அவன் கேட்கவில்லை.
இந்தக் கடைக்காரர்களிடம் அந்த ஒரு மரியாதை உண்டு.

ராத்திரி முழுக்க ஓடியதாம்.
மறுநாள் மத்தியானம் திரையைக் காட்டினான்:
பச்சைக் கட்டங்கள், சாம்பல் கட்டங்கள்,
நடுநடுவே சிவப்பு,
அம்மை போட்ட முதுகு போல.
சிவப்பில் ஊசி திரும்பத் திரும்பப் போய்
முட்டிக்கொண்டு திரும்பியிருக்கிறது.
நூற்றுக்கு எழுபத்தொன்று என்றான்.
பரீட்சையில் அது எனக்குக் கிடைக்காத மார்க்.

கோப்புகளுக்குப் பேர் போய்விட்டது. எல்லாம் வெறும் எண்கள்.
பதினேழாவதைத் திறந்தோம்.

லைன் மூடிய கடைசி இரவு.
போன் கொண்டுபோனால் வேலை போகும் இடம்,
அன்றைக்கு யாருக்குத்தான் வேலை இருந்தது?
உடுப்புக்குள் ஒளித்து வந்தவள் ரொஸ்னா.
பதினான்கு நொடி.
வெள்ளை வெள்ளையாகப் பத்துப் பன்னிரண்டு பேர்,
முகமில்லை, உயரத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்,
குட்டையாக நிற்பது கஸ்தூரியோ மெய் லிங்கோ.
யாரோ சிரிக்கிறார்கள், முகமூடி உள்ளே இழுத்துக்கொள்கிறது.
பின்னால் ரேக் முழுக்க டிஸ்க்குகளின் இரைச்சல்,
ஒரு டக் கூடக் கிடையாது,
இவ்வளவு சுத்தமாகவா செய்தோம்?

ஒன்பதாவது நொடியில் ஒரு கை மேலே எழுகிறது.
அதோடு படம் நின்றுவிட்டது.
மிச்சம் சாம்பல்.

அது என் கையா?
கையுறை போட்ட கை எல்லோருடையதும்தான்.

அங்கே இன்னொரு முறை முட்டிப் பார்க்கவா என்றான்,
தலை தாங்காமலும் போகலாம் என்றான்.

பெட்டியிலிருந்து வந்த சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டேன்.
சிவப்புக் கூடைதான், சந்தேகமில்லை.

வேண்டாம், பூன் கியாட்.
இருக்கும் உயிருக்கு வரிக் கணக்கை எடு.
ஏப்ரல் முடிய இன்னும் ஐந்து நாள்தான் இருக்கிறது.