கிளிசரின்

பிப்ரவரி. கடல் உள்வாங்கிக் கிடக்கிறது.
ஷெப்பித் தீவுக் களிமண் என் பூட்ஸ் ஒன்றைப்
பிடித்துக்கொண்டு தர மறுக்கிறது.
முன்னால் குனிந்தபடி போகிறாள் டெனிஸ் ஹக்கின்,
இருபது வருடம் படகுத்துறையில் சீட்டுக் கிழித்தவள்.
கூழாங்கற்களில் ஒன்றைப் பொறுக்கி
என் உள்ளங்கையில் வைக்கிறாள்.
மங்கிய பித்தளை நிறம். கனம் மட்டும் இரும்பு.

காய்.
கழிமுகச் சேற்றில் காலூன்றி நிற்கும்
நீப்பாப் பனையின் காய்.
ஐந்து கோடி வருடத்துக்கு முன்
இந்தத் தேம்ஸின் வாயில்
உறைபனிக்கு வேலையே இருந்ததில்லை.

"மரப்பெட்டியில் வைத்துவிடாதே."
அவளுடைய முதல் சேகரம் அப்படித்தான் போனதாம்.
களிமண்ணுக்குள் அத்தனை காலம் தாங்கியது
எட்டு வருடக் காற்றைத் தாங்கவில்லை.
இழுப்பறையில் கந்தக வாடை, வெள்ளைப் பொடி,
அமிலம் தின்ற சீட்டில்
அவள் கையெழுத்தில் பாதி ஊர்ப்பெயர்.

நான் ஆய்வகத்தில் இலைத்துளை எண்ணுகிறவள்.
மல் தீவிலிருந்து வந்த கிங்கோ இலை;
காற்றில் கரியமிலம் கூடிய காலத்தில்
குறைந்த வாய்களோடு விரிந்தது.
நேற்று நூற்றுப் பன்னிரண்டாவது சதுரத்தில்
கண் எரிந்து நிறுத்தினேன்.

விளிம்பு சரியச் சரிய
மூன்றாம் முறை பின்னுக்கு இழுத்த கேரவனில்
ஹீட்டரைத் தட்டி எழுப்புகிறாள்.
"அப்போ, பனை திரும்பி வருமா?"

"இன்னும் எண்ணி முடிக்கவில்லை."

"நல்ல பதில்" என்று சிரிக்காமல் சொல்லி
ஜாம் பாட்டிலில் காயைப் போட்டு
மருந்துக்கடைக் கிளிசரினை ஊற்றுகிறாள்.
நிதானமாக
ஒரு குமிழி மேலே வருகிறது.