வளைவுக்கு நாலு ரூபாய் பதினேழு காசு

ஐந்து ரோடு ஷோரூமில்
பட்டப்பகலில் விளக்கைப் போட்டுக் காட்டினான் தனஞ்செயன்.
சேலத்து மே மாத வெயிலில்
அது எரிகிறதா என்றே தெரியவில்லை.
"ராத்திரி பாருங்க மேடம், ரோட்டுல பால் ஊத்தின மாதிரி இருக்கும்."
மேல் மாடலில்தான் வரும். வித்தியாசம்
ஒரு லட்சத்து முப்பதாயிரம்.
கூரையில் ஜன்னல் வேண்டாம், எட்டு ஸ்பீக்கர் வேண்டாம்,
விளக்கை மட்டும் தரமுடியுமா என்றேன்.
பொண்ணு வேண்டாம், கண்ணு மட்டும் போதும் என்று
சொன்னவளைப் போலப் பார்த்தான்.

என் பிழைப்பு அப்படி.
ஏற்காட்டு ஆஸ்பத்திரிகளில் எடுத்த ரத்தத்தை
ஐஸ் பெட்டியில் வைத்து
அன்றிரவே சேலம் லேபில் இறக்க வேண்டும்.
ஏறும்போதே இருட்டிவிடும்.
பழைய வண்டியின் மஞ்சள் பல்புகள்
நேரே மட்டும் பார்க்கும்.
கொண்டை ஊசியில் வண்டி ஒரு பக்கம் திரும்ப,
வெளிச்சம் பள்ளத்தாக்கில் இறங்கி
யாரையோ தேடிக்கொண்டிருக்கும்.

குணசீலன் கூட்டுறவுச் சங்கக் கணக்கர்.
அரிசிக்கடை பில்லின் முதுகில் எழுதினான்:
வாரம் மூன்று இரவு, கடன் ஐந்து வருஷம்,
ஏற இருபது, இறங்க இருபது,
ஆக முப்பத்தோராயிரத்து இருநூறு வளைவு.
வளைவுக்கு நாலு ரூபாய் பதினேழு காசு.
"வட்டி சேர்க்கலை" என்றான்.
அரை டீ, என்றேன் நான்.

செவ்வாய்ப்பேட்டை லத்தீஃப் கணக்கு வேறு.
"பழைய பல்பு முன்னூறு ரூபா, நானே மாட்டிருவேன்க்கா.
இது உடைஞ்சா ஒரு பக்கமே நாப்பத்தஞ்சாயிரம்.
காட்டெருமை முட்டும்போது
என்ன மாடல்னு கேக்காது."

வாங்கினேன்.

அடிவாரம் செக்போஸ்ட் தாண்டியதும்
மலை தன் சட்டையைக் கழற்றிக் காட்டியது.
ஸ்டீயரிங்கைத் தொட்டால் போதும்,
எனக்கு முன்னால் விளக்கு எட்டிப் பார்த்தது.
ஏழாம் வளைவில் மரநாயின் வால் நுனி தெரிந்தது.
எதிரே பஸ் வந்தால்
பஸ்ஸின் அளவுக்கு மட்டும் இருட்டைக் கத்தரித்து வைத்துவிட்டு
மிச்ச ரோட்டை வெளிச்சமாகவே விட்டது.
மரியாதை தெரிந்த விளக்கு என்று
யாரோ என்னையே புகழ்ந்ததுபோல் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.
மூடுபனியில் மட்டும் தோற்றது.
சோற்றில் தயிர் மாதிரி, வெள்ளைக்குள் வெள்ளை.

பதின்மூன்றாம் வளைவு.
பெட்ரோல் மிச்சம் பிடிக்க
இஞ்சினை அணைத்து, விளக்கும் அணைந்து,
சத்தமில்லாமல் உருண்டு வந்தது ஒரு டிவிஎஸ் ஃபிப்டி.
என் விளக்கு எதிரே ஒரு விளக்கைத் தேடியது.
இல்லை.
விளக்கு இல்லை என்றால் ஆளும் இல்லை என்பது அதன் படிப்பு.
முழு வெளிச்சத்தையும்
அவர் முகத்தில் கொட்டியது.

முழங்கையால் கண்ணை மூடினார். கால் ரோட்டில் தேய்ந்தது.
தடுப்புச் சுவரில் இடித்துச் சாய்ந்தார்.
நான் பத்தடி முன்னால் நின்றேன்.
அடி இல்லை. மூட்டைதான் கிழிந்தது.
ரோடெல்லாம் மிளகு,
ஒவ்வொரு மிளகுக்கும் தனித்தனியாக நீண்ட நிழல்.

இரண்டு பேரும் குனிந்து பொறுக்கினோம்.
நாகலூர்க்காரர், பெயர் சின்னாண்டி.
"நல்ல லைட்டும்மா, ஒண்ணுகூட விடாம தெரியுது" என்றார்,
இன்னும் கண்ணைக் கசக்கியபடி.
"என்ன விலை?"
வண்டியோடு வந்தது என்று பொய் சொன்னேன்.

இந்த வெளிச்சம் இல்லையென்றால் அவர் விழுந்திருக்கமாட்டார்.
இந்த வெளிச்சம் இல்லையென்றால்
நான் நின்றிருக்கமாட்டேன்.
அந்த இரவு முழுக்க
இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்தேன்.

இப்போது ஆட்டோவை அணைத்துவிட்டேன்.
ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால்
விரலால் நானே தணிக்கிறேன்,
மாமனார் வரும்போது டிவி சத்தத்தைக் குறைப்பதுபோல.
"அப்புறம் எதுக்கு அந்தக் காசு?" என்கிறான் குணசீலன்.
நாலு ரூபாய் சரிதான், என்கிறேன்.
அந்தப் பதினேழு காசை
யாரிடம் கொடுப்பதென்றுதான் தெரியவில்லை.

இன்று வியாழன்.
ஏழு மணிக்கு ஏற வேண்டும்.